லீவ் லெட்டர் எழுதக் கற்றுக்கொடுத்த வாத்தியாரின் பதிவு



போன மாதம் மூட்டுவலி பற்றி எழுதியதற்கு இத்தனை பேர் வைத்தியம் சொல்வீர்கள் என்று நினைக்கவில்லை. முடக்கத்தான் தோசை வாரம் மூன்று நாள் நடக்கிறது. வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் தோசை நன்றாக இருக்கிறது. இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கூட்டல் கழித்தல் இருப்பதால் பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது. வாத்தியார் புத்தி போகாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பழைய மாணவி போன் செய்தாள். பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள், கணக்கில் தொண்ணூறுக்குக் கீழே இறங்கியதில்லை. மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் ஆறு வருடமாக நிற்கிறாள். 'நிற்கிறாள்' என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021-ல்தான் நம் மாநிலத்தில் சட்டத் திருத்தமே வந்தது. அது தனிக் கதை.

சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில், "சார், ஒரு மூவாயிரம் கைமாத்தா கிடைக்குமா?" என்றாள். கேட்கத் தயங்கும் பிள்ளை. என்னம்மா ஆச்சு என்றேன். அப்பாவுக்குப் பக்கவாதம், பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள். அம்மா இல்லை, அண்ணன் திருப்பூரில். இவள்தான் கூட இருந்தாள். மாதக் கடைசியில் 13,000 ரூபாய் சம்பளத்தில் 4,500 பிடித்துவிட்டார்கள். ஒழுங்காக வருபவர்களுக்குத் தரும் ஊக்கத்தொகை 1,000 ரூபாயும் அந்த மாதம் இல்லை.

"உனக்கு லீவு இருக்குமேம்மா?" என்று கேட்டேன்.

"வேலைக்குப் போகாத நாளுக்கு எப்டி சார் சம்பளம் தருவாங்க? அவங்க பிடிச்சது சரிதான சார்?"

பணம் போனதை அவள் புகாராகச் சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன். அந்த 'சரிதான சார்' இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். நான் அரசுப் பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் தற்செயல் விடுப்பு. ஆண்டுக்குப் பதினேழு நாள் ஈட்டிய விடுப்பு. உடம்புக்கு முடியாவிட்டால் மருத்துவ விடுப்பு. எங்கள் ஆசிரியர் அறையில் டிசம்பர் மாதம் வந்தால் பேச்சே 'சாருக்கு எத்தனை சி.எல். பாக்கி?' என்பதுதான். அரை நாள் கணக்குக்கு அலுவலக எழுத்தரோடு சண்டை போட்டவன் நான். ஓய்வு பெற்றபோது எடுக்காமல் சேர்த்து வைத்திருந்த 240 நாள் ஈட்டிய விடுப்புக்குச் சம்பளமாக மொத்தப் பணம் வந்தது. நீங்கள் கிரகப்பிரவேசத்துக்கு வந்து பாயசம் சாப்பிட்டுப் போனீர்களே, இந்த மாடி அறை, அந்தப் பணத்தில் கட்டியது. நான் எடுக்காத விடுப்பு எனக்கு ஓர் அறையாக நிற்கிறது. நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த பிள்ளை, சட்டப்படி அவளுக்கு உரிய விடுப்பை எடுத்ததற்காகக் கைமாற்று கேட்டு நிற்கிறாள்.

சரி, கணக்குக்கு வருவோம். அவள் வேலை செய்வது கடை. கடைக்கும் அலுவலகத்துக்கும் உள்ளது 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். சென்னையில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் என் பிள்ளைகளில் பலருக்கும் இதே சட்டம்தான். அதில் 25-ஆவது பிரிவை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். மூன்று பன்னிரண்டு. ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்து முடித்தால் அடுத்த பன்னிரண்டு மாதத்தில் சம்பளத்தோடு பன்னிரண்டு நாள் விடுமுறை. நாம் இ.எல். என்று சொல்வது இதைத்தான். எடுக்காவிட்டால் 24 நாள் வரை சேரும். உடம்பு சரியில்லை அல்லது விபத்து என்றால் சம்பளத்தோடு பன்னிரண்டு நாள் வரை. 'நியாயமான எந்தக் காரணத்துக்கும்' தற்செயல் விடுப்பாகச் சம்பளத்தோடு பன்னிரண்டு நாள் வரை. பின்னால் சொன்ன இரண்டுக்கும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை, முதல் வருடத்திலேயே உண்டு. வார விடுமுறை இதில் சேராது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், ஐந்து பண்டிகை நாட்களுமாக ஒன்பது நாள் இன்னொரு சட்டப்படி தனி.

இப்போது அவள் கணக்கு. அப்பாவின் நோய் என்பதால் நோய் விடுப்பில் வராது, அது அவளுக்கே உடம்பு சரியில்லாவிட்டால்தான். ஆனால் அப்பா வாய் கோணிப்போய் ஆஸ்பத்திரியில் கிடப்பதைவிட நியாயமான காரணம் எது? தற்செயல் விடுப்பில் வரும். அந்த வருடம் அதற்கு முன் அவள் எடுத்தது இரண்டு நாள், அதற்கும் பிடித்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்பதும் பதினொன்று. பன்னிரண்டுக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி. அப்படியே பன்னிரண்டைத் தாண்டியிருந்தாலும் ஆறு வருடத்தில் சேர்ந்து கிடக்கும் விடுமுறை நாட்கள் இருக்கின்றன. பிடித்த 4,500-க்கு எந்த வரியிலும் இடமில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். 13,000-ஐ 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 500. ஒன்பது நாளுக்கு 4,500. பிடிக்கும்போது 26-ஆல் வகுக்கிறார்கள். போன தீபாவளிக்கு வார விடுமுறையிலும் வரச் சொன்னார்களாம். அந்த நாளுக்குக் கொடுத்தது 433 ரூபாய். அது 13,000-ஐ 30-ஆல் வகுத்தது. கொடுக்கும்போது முப்பது, பிடிக்கும்போது இருபத்தாறு. பணிக்கொடைக்கு ஒரு மாதத்துக்கு 26 நாள் என்றே கணக்கு. இரண்டில் எதையாவது ஒன்றை இரண்டு பக்கமும் வைக்க வேண்டாமா? எட்டாம் வகுப்புப் பையன் பரீட்சையில் இப்படிச் செய்தால் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் சுழித்திருப்பேன்.

அந்தப் பிள்ளையின் கடைக்காரர்களை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. எனக்கும் இதில் பங்கு உண்டு.

ஆறாம் வகுப்பிலிருந்து விடுப்பு விண்ணப்பம் எழுதச் சொல்லித் தருகிறோம். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள். 'எனக்குக் காய்ச்சலாக இருப்பதால் தாங்கள் அன்புகூர்ந்து இரண்டு நாட்கள் விடுப்பு அளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.' தமிழிலும் உண்டு, இங்கிலீஷிலும் உண்டு. ஐந்து மதிப்பெண் கேள்வி. நான் கணக்கு வாத்தியார் என்றாலும் ஆள் இல்லாத நாட்களில் அந்த வகுப்பையும் எடுத்திருக்கிறேன். 'அன்புகூர்ந்து' விட்டுப்போனால் அரை மார்க் குறைத்தவன் நான். விடுப்பு என்றால் மேலே இருப்பவர் மனமிரங்கிக் கொடுப்பது என்று ஒரு தலைமுறைக்கே பயிற்சி கொடுத்திருக்கிறோம். என் கணக்குப் புத்தகமும் அப்படித்தான். 'பன்னிரண்டு ஆட்கள் ஒரு வேலையை எட்டு நாட்களில் முடித்தால்' என்று எத்தனை ஆயிரம் தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேன். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவனுக்காவது ஒரு நாள் காய்ச்சல் வந்ததுண்டா?

ஒரு சோகம் என்னவென்றால், பள்ளியில் அத்தனை லீவ் லெட்டர் எழுதிய பிள்ளைகள் வேலைக்குப் போனதும் எழுதுவதை விட்டுவிடுகிறார்கள். மேற்பார்வையாளர் காதில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எழுத்து தேவைப்படும் இடம் அதுதான். கடைகள் சட்டத்தில் விடுமுறை பாக்கி இருக்கும்போது முதலாளி வேலையை விட்டு நீக்கினால் அந்த நாட்களுக்குப் பணம் தர வேண்டும். ஆனால் நீங்களாக விலகினால், ஏற்கெனவே கேட்டு, அவர்கள் மறுத்திருந்தால்தான் பணம். கேட்டீர்கள், மறுத்தார்கள் என்பதற்கு என்ன சாட்சி? ஒரு தாள்தான். சமயத்தில் ஒரு வாட்ஸ்அப் செய்தி. இந்தப் பெண்ணிடம் அது இருந்தது. 'அண்ணே அப்பாவுக்கு முடியல, ஆஸ்பத்திரியில இருக்கேன், லீவு வேணும்' என்று அனுப்பியிருக்கிறாள். அந்தப் பக்கம் 'ஓகேம்மா' என்று பதில். அந்த 'ஓகேம்மா'வை அழிக்காதே என்றேன்.

தொழிற்சாலைகளில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் கொடுத்தது ஈட்டிய விடுப்பு மட்டுமே. சி.எல். எல்லாம் நிலையாணைகளிலோ தொழிற்சங்க ஒப்பந்தத்திலோ இருந்தால் உண்டு. ஈட்டிய விடுப்பு இருபது நாள் வேலைக்கு ஒரு நாள். அந்தச் சட்டத்தில் ஒரு காலண்டர் வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அடுத்த வருடம் எடுக்கலாம் என்று இருந்தது. பாதியும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு முழு நாள், பாதிக்குக் குறைந்தால் விட்டுவிடலாம். 30 நாள் வரை சேர்த்துவைக்கலாம். விடுப்புக்கு நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமையை விடுப்பாக எண்ணக் கூடாது. இப்போது நிறைய இடத்தில் 'சாண்ட்விச் லீவ்' என்று ஒன்று சொல்கிறார்களாம். சனியும் திங்களும் விடுப்பு போட்டால் ஞாயிறையும் சேர்த்து மூன்று நாள் கழிக்கிறார்கள். ஈட்டிய விடுப்புக்குத் தொழிற்சாலைகள் சட்டத்தில் அந்தப் பலகாரம் இருந்ததில்லை.

இந்த 240 என்ற எண்ணை வைத்து என் இன்னொரு மாணவனை ஏமாற்றினார்கள். திண்டுக்கல் பக்கம் ஒரு மில்லில் 2023 ஜூலை 1-ஆம் தேதி சேர்ந்தான். 2024 ஆகஸ்ட் கடைசியில் விலகினான். கணக்கு முடிக்கும்போது, "எந்த வருசமும் உனக்கு 240 நாள் வரலை, அதனால லீவுச் சம்பளம் கிடையாது" என்றிருக்கிறார்கள். கேட்டால் சரி மாதிரிதான் இருக்கும். போட்டுப் பாருங்கள்.

அப்போதைய சட்டப்படி வருட நடுவில் சேர்ந்தவனுக்கு 240 தேவைப்படவில்லை. மிச்சம் இருக்கும் நாட்களில் மூன்றில் இரண்டு பங்கு போதுமாக இருந்தது. ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை 184 நாள். மூன்றில் இரண்டு பங்கு 122.67, அதாவது 123 நாள். அவன் வேலை பார்த்தது 150. தாண்டிவிட்டான். 150-ஐ 20-ஆல் வகுத்தால் 7.5, எட்டு நாள். 2024-ல் அவன் வேலை பார்த்தது 190 நாள். விலகியவனுக்கு, நீக்கப்பட்டவனுக்கு, வேலையில் இருக்கும்போதே இறந்துபோனவனுக்கு முழுத் தகுதி நாட்கள் வராவிட்டாலும் அதே விகிதத்தில் பணம் தர வேண்டும் என்று 79-ஆவது பிரிவிலேயே இருந்தது. 190-ஐ 20-ஆல் வகுத்தால் 9.5, பத்து நாள். மொத்தம் பதினெட்டு. எடுத்தது மூன்று. பாக்கி பதினைந்து. நாளுக்கு 600 வீதம் 9,000 ரூபாய். விலகியதிலிருந்து இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் கையில் வந்திருக்க வேண்டிய பணம். அவனுக்கு அப்போது குழந்தை பிறந்து நாற்பது நாள். அந்தப் பணத்தின் அருமையை நான் சொல்லத் தேவையில்லை.

அவன் கதையில் இன்னொரு நஷ்டமும் உண்டு. 2024-ல் அவனுக்கு அம்மை போட்டு பதினொரு நாள் வேலைக்குப் போகவில்லை. சம்பளம் இல்லை. இ.எஸ்.ஐ.யில் மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவர்களுக்கு, போதிய நாள் சந்தா கட்டியிருந்தால், நோய்க்காலத்தில் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். முதல் இரண்டு நாள் பொதுவாகக் காத்திருப்பு நாள். ஆனால் அதற்கு இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்று வேண்டும். நம் வீடுகளில் அம்மை போட்டால் யார் டாக்டரிடம் போகிறோம்? வாசலில் வேப்பிலை கட்டி, இளநீர் கொடுத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளை எண்ணிக்கொண்டிருப்போம். அவன் அம்மாவும் அதைத்தான் செய்தார். நான் அதைக் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வேப்பிலையும் இருக்கட்டும், மருந்தகத்தில் ஒரு சீட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதில் 240 என்பது 180 ஆகக் குறைந்திருக்கிறது. இருபதுக்கு ஒன்று அப்படியே இருக்கிறது. ஆகவே இனி யாராவது உங்களிடம் 240 என்று சொன்னால் தேதியைப் பார்த்துக்கொண்டு பேசுங்கள்.

இதையெல்லாம் போன மாதம் ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தியில் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரே என் மைத்துனர் மகன். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். இலையை மூடிவிட்டுச் சொன்னான், "மாமா, நீங்க கவர்மெண்ட் வாத்தியாரு. ஆளுக்கு முப்பத்தாறு நாள் லீவு குடுத்தா நான் கடைய மூடிட்டு உங்க வீட்டுத் திண்ணையில வந்து உக்கார வேண்டியதுதான்."

சும்மா சொன்னதாக நினைக்கவில்லை. சொந்தக் காசைப் போட்டுக் கடை நடத்துகிறவனுக்கு, அரசாங்கச் சம்பளம் வாங்கிய நான் புத்தி சொல்வது எளிது. அவனிடம் மாற்று ஆள் கிடையாது. முகூர்த்த நாளில் மூன்று பேர் சொல்லாமல் வராமல் போனால் அவனே மூட்டை இறக்க வேண்டும். அது நிஜமான கஷ்டம். ஆனால் கணக்கு போடாமலே பயப்படுகிறான் என்றும் நினைக்கிறேன். வார விடுமுறை போக வருடத்தில் 313 நாள். பன்னிரண்டு நாள் விடுமுறை என்பது அதில் நான்கு சதவீதத்துக்கும் குறைவு. நோய் விடுப்பு நோய் வந்தால் மட்டும், அதற்கும் சீட்டு கேட்கலாம். மூன்றையும் ஒருவன் கடைசி நாள் வரை எடுத்தாலும் பதினொன்றரை சதவீதம்தான். சரக்கு விலையில் அதைவிட அதிகம் ஏற்ற இறக்கம் பார்க்கிறவன் அவன். சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்று தெரிந்தால் ஆட்கள் முந்தின நாளே சொல்லிவிட்டுப் போவார்கள். எப்படியும் சம்பளம் போகப்போகிறது என்றால் எதற்குச் சொல்ல வேண்டும்? சொல்லாமல் நிற்கிறார்கள் என்று அவன் புலம்புவதற்கு அவனே வழி செய்து வைத்திருக்கிறான் என்பது என் அபிப்பிராயம். அவனிடம் இதைச் சொன்னேன். பாயசம் வந்துவிட்டதால் பதில் வரவில்லை. இந்தப் பதிவைப் படிப்பான். மருமகனே, பின்னூட்டத்தில் வா.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள், "நம்ம வீட்ல பாத்திரம் தேய்க்க வர்ற அம்மாவுக்கு எத்தனை நாள் லீவு?" எனக்குப் பதில் தெரியவில்லை. பதினோரு வருடமாக வருகிறார். வராத நாளுக்கு நாங்கள் பிடித்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, காரணம் சொல்லி, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. நான் மேலே சொன்ன கடைகள் சட்டமும் தொழிற்சாலைகள் சட்டமும் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. மாதம் இரண்டு நாள், கேட்க வேண்டியதில்லை, சொன்னால் போதும், உடம்புக்கு முடியாத நாள் தனி என்று இப்போது முடிவு செய்து காலண்டரில் குறித்துக்கொள்கிறோம். முதல் மாதம் அவர் நம்பவில்லை. இரண்டு நாளும் வந்து தேய்த்துவிட்டுப் போனார்.

அந்தப் பெண் விஷயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். இருவரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். 'அன்புகூர்ந்து' போடவில்லை. மரியாதைக் குறைவும் இல்லை. தேதி, ஒன்பது நாள், காரணம், ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல், சட்டப் பிரிவு, பிடித்த தொகை. தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் போகலாம் என்றும் சொன்னேன். "வேண்டாம் சார், அப்பா மருந்துக்கு இந்த வேலை வேணும்" என்றாள். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. சண்டை போடுகிற சம்பளமில்லா நாட்களை என் பென்ஷன் தாங்கும், அவள் சம்பளம் தாங்காது. கடிதத்தை வாங்கிய மேலாளர் சிரித்தாராம். "கடைக்கே லீவ் லெட்டரா?" என்றாராம். போன மாதச் சம்பளத்தில் 4,500 திரும்ப வந்துவிட்டது. ஊக்கத்தொகை வரவில்லை. முந்தைய இரண்டு நாளும் வரவில்லை. 'மத்தவங்ககிட்ட சொல்லாதே' என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

மூவாயிரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது அவளிடம் கேட்டேன், இதை எழுதட்டுமா என்று. "என் பேரு போடாதீங்க சார், கணக்க மட்டும் போடுங்க" என்றாள். ஆகவே எந்தக் கடை, எந்த மில் என்று உள்பெட்டியில் வந்து கேட்காதீர்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலைக்குப் போன நாள், போகாத நாள், எதற்காக, எப்போது யாரிடம் சொன்னீர்கள், எவ்வளவு பிடித்தார்கள் என்று எழுதி வையுங்கள். சம்பளச் சீட்டை அதற்குள்ளேயே ஒட்டிவிடலாம். கணக்கு புரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வரலாம், நோட்டோடு வாருங்கள். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை பேத்தி தூங்குவாள், அப்போது மட்டும் அழைப்பு மணியை அடிக்க வேண்டாம்.